ராத்திரி பத்து மணிக்கு பபிள் டீ குடிக்கப் போறவங்களுக்கு

போன தை மாசம் வீட்ல ஒரு கல்யாணம், சிங்கப்பூர்ல இருந்து அத்தை பிள்ளைக மூணு பேர் வந்திருந்தாங்க, ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு எல்லாரும் பட்டாலைல பாய் விரிச்சுப் படுத்தாச்சு, அப்ப ஒருத்தி மெதுவா எந்திரிச்சு வந்து "அத்தான், இங்க பபிள் டீ கிடைக்குமா"ன்னு கேக்குறா. பள்ளத்தூர்ல. அந்த நேரத்துல எங்க தெருவுல நாய் குலைக்கிற சத்தத்தைத் தவிர வேற எதுவும் கிடைக்காது. சரி காரைக்குடில 100 அடி ரோட்டுப் பக்கம் ஒரு கஃபே புதுசா வந்திருக்குன்னு யாரோ சொன்ன ஞாபகம், ரெண்டு பைக்க எடுத்துட்டுக் கிளம்பினோம், போய் சேர்றப்ப பாதி ஷட்டர் இறங்கிருந்துச்சு, கெஞ்சிக் கூத்தாடி நாலு கப் வாங்கினோம், உள்ள கிடந்த உருண்டை எல்லாம் ரப்பர். நெசமாவே ரப்பர், செருப்பு வார்ல இருந்து வெட்டிப் போட்ட மாதிரி. காசும் போச்சு, சிங்கப்பூர்க்காரிகிட்ட ஊர் மானமும் போச்சு.

அதுக்கப்புறம் வீம்புக்குன்னே ஏழெட்டு தடவை ராத்திரில போயிருக்கேன், மதுரைலயும் சென்னைலயும் கூட தேடித் தேடிக் குடிச்சிருக்கேன். அதுல கத்துக்கிட்டதத்தான் எழுதுறேன். பகல்ல போறவங்களுக்கு இது அவ்வளவா தேவைப்படாது, பகல்ல எல்லாமே ஓரளவுக்கு நல்லாத்தான் இருக்கும். ராத்திரிதான் சிக்கல்.

முதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தைவான்ல இருந்து வந்த பால் டீ இது, அடில மென்னு திங்கிற மாதிரி கருப்பு உருண்டை கிடக்கும். பபிள்னா உள்ள கிடக்கிற கருப்பு உருண்டைன்னு முக்கால்வாசிப் பேர் நினைச்சிட்டு இருக்கோம், அது இல்ல, டீயையும் ஐஸையும் மூடி போட்ட டப்பால ஊத்தி வேகமா குலுக்குனா மேல நுரை கட்டும்ல, அந்த நுரைக்குத்தான் பபிள்னு பேர் வந்துச்சு. நம்ம டீ மாஸ்டர் ஒரு முழம் உசரத்துல இருந்து ஆத்தி நுரை வர வைக்கிறாரு, தைவான்காரன் ஐஸ் போட்டுக் குலுக்கி வர வைக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான். உருண்டைக்கு தைவான்ல முத்துன்னு பேரு, அவங்க மொழில இந்த டீயே முத்து பால் டீதான். போபான்னும் ஒரு பேர் உண்டு, அது அங்க கொச்சையான ஒரு சொல்லுல இருந்து வந்தது, பெரியவங்க பக்கத்துல இருக்கறப்ப அர்த்தம் கேக்காதீங்க.

இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு தைவான்ல ரெண்டு கடைக்கு நடுவுல பெரிய சண்டை. தாய்னான் ஊர்ல ஹான்லின்னு ஒரு டீக்கடை, அதோட ஓனர் 1986ல சந்தைல வெள்ளை உருண்டையைப் பாத்துட்டு டீல போட்டதா சொல்றாரு. தாய்ச்சுங் ஊர்ல சுன் ஷுய் தாங்னு இன்னொரு கடை, அங்க வேலை பார்த்த ஒரு அம்மா 1988ல ஒரு மீட்டிங்ல உக்காந்திருக்கப்ப தன்கிட்ட இருந்த உருண்டை இனிப்பை சும்மா விளையாட்டா டீல கொட்டிக் குடிச்சாங்களாம், நல்லா இருந்துச்சாம், மெனுல ஏத்திட்டாங்க. ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய் பத்து வருஷம் இழுத்து 2019ல முடிஞ்சுது, எப்படி முடிஞ்சுதுன்னா இதுக்கு யார்கிட்டயும் பேட்டன்ட் இல்ல, யார் வேணா போடலாம், அதனால யார் முதல்லன்னு தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியமே இல்லன்னுட்டாங்க. நம்ம ஊர்ல பங்காளிக வளவு வீட்டுக்குப் போடுற கேஸ் மாதிரியேதான் இருக்கு, என்ன, பத்து வருஷத்துல முடிஞ்சுதே அதுவே பெருசு.

அந்த உருண்டை டீக்கு முன்னாடியே அங்க இருந்தது, சீவுன ஐஸ் மேல போட்டு சாப்பிடுவாங்க. செய்றது மரவள்ளிக்கிழங்கு மாவுல. அதாவது நம்ம ஜவ்வரிசியோட பெரியண்ணன். ஜவ்வரிசி முன்னாடி மலேயா பக்கம் இருந்து கப்பல்ல வந்துட்டு இருந்துச்சு, அது பனை மாதிரி ஒரு மரத்தோட நடுத்தண்டு உள்சோத்துல இருந்து எடுக்கிறது, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வரத்து நின்னதும் சேலத்துல மரவள்ளி மாவை வச்சு உருட்ட ஆரம்பிச்சாங்க, அப்படியே சேலம் ஜவ்வரிசி ஊராயிடுச்சு. அதனால தைவான் ஐட்டம்னு பயப்பட ஒண்ணும் இல்ல, உள்ள இருக்கிறது நம்ம பாயாசத்துல கிடக்கிற அதே சாமான்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். ராத்திரி பபிள் டீ நல்லா அமையுமா அமையாதாங்கிறது ஒரே ஒரு கேள்வில இருக்கு. முத்து எப்ப வேக வச்சது?

மரவள்ளி மாவு உருண்டை வெந்ததும் அப்படியே நெகிழ்வா, மேல வழுவழுன்னு, கடிச்சா பதமா எதிர்த்துட்டு விடும். தைவான்காரங்க இந்தப் பதத்துக்கு க்யூன்னு ஒத்தை எழுத்துல பேர் வச்சிருக்காங்க, ரொம்ப நல்லா இருந்தா க்யூக்யூ. நமக்கு அதுக்கு தனியா ஒரு வார்த்தை இல்ல, ஆனா பதம் தெரியும், கவுனி அரிசி கரெக்டா வெந்தா பல்லுல ஒரு இழுவை இருக்கும்ல, அதுக்கு சொந்தக்காரப் பதம். இந்தப் பதம் நாலு மணி நேரம் நின்னா பெருசு, நல்ல கடைக அதுக்கு மேல ஆனா கொட்டிட்டு புதுசா வைக்கும். அப்புறம் மாவு இறுக ஆரம்பிச்சிடும், உள்ள வெள்ளையா ஒரு கரு விழுந்து கெட்டியாகும், இல்லன்னா பாகுலயே ஊறி வெளிப்பக்கம் கூழா கரையும். நாங்க அன்னைக்கு குடிச்சது மத்தியானம் ரெண்டு மணிக்கு வேக வச்சதுன்னு அந்தத் தம்பியே அப்புறம் ஒத்துக்கிட்டான். எட்டு மணி நேரம். பின்ன ரப்பராகாம?

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி போன் போடுங்க. கடை தொறந்திருக்கான்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க, தொறந்துதான் இருக்குன்னு சொல்லுவாங்க. கடைசி முத்து எத்தனை மணிக்கு வச்சீங்க, இனிமே வைப்பீங்களான்னு கேளுங்க. "ஏழு மணிக்கு வச்சோம்"னா பத்து பத்தரைக்குள்ள போய் சேர்ற மாதிரி கிளம்புங்க. "இருக்குண்ணே வாங்க"ன்னு மழுப்புனா இல்லன்னு அர்த்தம். வேகவும் ஊறவும் கூட்டிப் பாத்தா முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால மூடுற நேரத்துல உங்களுக்காகப் புதுசா வைக்க மாட்டாங்க, கெஞ்சுறது வேஸ்ட். கல்யாண சீசன்ல, பொங்கல் லீவுல, வெளியூர் வெளிநாட்டு ஆளுக ஊருக்கு வந்திருக்கிற சமயத்துல ராத்திரி கூட்டம் இருக்கும், அப்ப முத்தும் அடிக்கடி வேகும், அந்த மாதிரி நாளு தைரியமா போகலாம். ஆடி மாசம் செவ்வாய்க்கிழமை ராத்திரி போய் நின்னீங்கன்னா அவன் உங்களப் பாத்து பயந்துடுவான்.

கடைல போயி நேரா ஆர்டர் சொல்லிறாதீங்க. முத்து இருக்கிற பாத்திரத்தை எட்டிப் பாருங்க, பளபளன்னு தனித்தனியா பாகுல கிடந்தா நல்லது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மங்கலா கட்டியா இருந்தா விட்ருங்க. ஒரு ஸ்பூன்ல ரெண்டு குடுங்க தம்பின்னு கேட்டா குடுத்துருவாங்க, நான் கேட்டு யாரும் இல்லன்னு சொன்னதில்ல. சரியில்லன்னா முத்து இல்லாத ஐட்டம் எதையாச்சும் வாங்குங்க. ஜெல்லி, புட்டிங் எல்லாம் ஃப்ரிட்ஜ்ல தாங்குற சாமான், ராத்திரியும் அப்படியே இருக்கும்.

அடுத்தது டீ. இங்கதான் ராத்திரிக்காரங்க ஏமாந்து போறது. டீல தூக்கத்தை விரட்டுற கேஃபீன்னு ஒண்ணு இருக்கு, அது உடம்புல பாதியா குறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், நீங்க பத்து மணிக்கு அரை லிட்டர் கப் குடிச்சீங்கன்னா விடியக்காலம் மூணு மணிக்கும் பாதி உள்ள ஓடிட்டு இருக்கும். நம்ம டீக்கடை கிளாஸ் எவ்வளவு பிடிக்கும், நூறு மில்லி, அதுவும் பாதி பாலு. இது அரை லிட்டர், பெருசுன்னா 700 மில்லி. மறுநாள் காலைல முகூர்த்தம் இருந்தா யோசிச்சுக்கோங்க. நான் ராத்திரில போனா பிரவுன் சுகர் மில்க்தான், கப்போட சுவர்ல புலி வரி மாதிரி பாகு வழிஞ்சு இறங்கும் பாருங்க அது, பெரும்பாலும் அதுல டீயே இருக்காது, வெறும் பாலும் பாகும் முத்தும்தான். டீ போடுவீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. டாரோன்னு ஊதா கலர்ல இருக்கிறது நம்ம சேப்பங்கிழங்கு, கலரைப் பாத்து மயங்காதீங்க, நிறைய இடத்துல பவுடர்தான். தைவான்ல வெண்பூசணியை சக்கரை போட்டு மணிக்கணக்கா காய்ச்சி அதுக்கும் டீன்னு பேர் வச்சு விக்கிறாங்க, ஒரு இலை கூட கிடையாது, இங்க எங்கயாச்சும் மெனுல பாத்தா விடாதீங்க, ராத்திரிக்குன்னே செஞ்ச ஐட்டம் அது.

இல்ல எனக்கு டீதான் வேணும்னா ஊலாங் கேளுங்க, பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் நடுவுல ஒரு ரகம் அது, கருந்தேயிலையை விட வாசம் ஜாஸ்தி, பாலோட அடிச்சுக்காது. தைவான்ல சன் மூன் லேக்னு ஒரு ஏரி, அந்தப் பக்கம் விளையிற ரூபி 18னு ஒரு கருந்தேயிலை இருக்கு, பர்மாவுல இருந்து போன பெரிய இலைச் செடியையும் தைவான் காட்டுச் செடியையும் சேர்த்து உண்டாக்கினது, 1999ல வெளிய விட்டாங்க. பர்மான்னு கேட்டதும் எனக்கு ஒரு பாசம் வந்துருச்சு, எங்க வீட்டுத் தூணும் அங்க இருந்து வந்த தேக்குதான், கவுனி அரிசியும் அந்த வழியா வந்ததுதான். தைவான்ல ஊதா அரிசியை வேக வச்சு பாலுல தயிருல போட்டுக் குடிக்கிறாங்க, இங்க கஃபே வச்சிருக்கிற ஒருத்தருக்காச்சும் முத்துக்குப் பதிலா கவுனியைப் போடணும்னு தோணலையே. அப்படி ஒருத்தர் போட்டார்னா என் பங்கு மாந்தோப்பை எழுதி வச்சிடுறேன்.

பாலு என்ன பாலுன்னும் கேளுங்க. சாதா மில்க் டீல நிறைய கடைல க்ரீமர் பவுடர்தான் போடுறது, தைவான்லயே அப்படித்தான், அது ஒரு தனி ருசி, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா ராத்திரி வயித்துல கல்லு மாதிரி உக்காந்துக்கும். ஃப்ரெஷ் மில்க்னு தனியா மெனுல இருந்தா பத்து இருபது ரூவா கூடன்னாலும் அதையே வாங்குங்க.

சக்கரைக்கு சதவீதம் கேப்பாங்க, நூறு, எழுபது, அம்பது, முப்பது, ஜீரோ. முதல் தடவை போனப்ப எங்க மாமா "ஃபுல்லா போடுப்பா, காசு குடுக்குறோம்ல"ன்னுட்டாரு, ரெண்டு உறிஞ்சுக்கு மேல அவரால முடியல. முத்தே பாகுல ஊறித்தான் வருது, அதனால நீங்க ஜீரோ சொன்னாலும் இனிப்பு இருக்கும், சுகர் இருக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க, ஜீரோன்னு சொல்லிட்டோம்னு நிம்மதியா குடிச்சுறாதீங்க. என் கணக்கு முப்பது. பிரவுன் சுகர் ஐட்டத்துக்கு அதுவும் வேணாம்.

ஐஸுக்கும் அதே மாதிரி கேப்பாங்க. ராத்திரின்னா கொஞ்சமா போடச் சொல்லுங்க, தொண்டைக்காக சொல்லல, முத்துக்காக சொல்றேன். குளிர்ச்சி ஏற ஏற முத்து இறுகும், நிறைய ஐஸ் போட்டு மெதுவா ஆடி அசைஞ்சு குடிச்சா கப்பு பாதி காலியாகிறப்பவே உருண்டை கெட்டியாயிடும். மார்கழி தை பனில ஹாட்டா கேட்டுப் பாருங்க, சூட்டுல முத்து கடைசி வரைக்கும் பஞ்சு மாதிரி இருக்கும், ஆறி மூணு மணி நேரம் ஆன முத்து கூட சூடு பட்டா கொஞ்சம் திரும்பி வரும். இது ஒண்ணு தெரிஞ்சா ராத்திரி பாதி ஜெயிச்ச மாதிரி.

கப்பு கைக்கு வந்ததும் மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டி சீல் பண்ணிருக்கும். தலைகீழா மெதுவா நாலு தடவை கவுத்து நிமித்துங்க, அடில இருக்கிற பாகு கலக்கும். புலி வரி ஐட்டத்தை போட்டோ எடுக்கணும்னா முதல்லயே எடுத்துக்கோங்க, கவுத்தா வரி போயிடும். ஸ்ட்ராவோட கூர் முனையை வச்சு, கட்டை விரலால மேல் ஓட்டையை அடைச்சுக்கிட்டு, ஒரே குத்து. பயந்து பயந்து குத்துனா தாள் வளைஞ்சு சட்டைல பீச்சி அடிக்கும், கல்யாண வீட்டுப் பட்டுச் சட்டையோட போயிருந்தா வீட்ல வாங்கிக் கட்டிக்கணும். இந்த ஸ்ட்ரா சாதாரணத்தை விட ரெண்டு மடங்கு அகலம், சுமார் 12 மில்லிமீட்டர், முத்து ஏறி வரணும்ல. நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரி ஒண்ணுல இருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு தடை, அதனால ஒழுங்கா நடக்கிற கடைல பேப்பர் ஸ்ட்ராதான் குடுப்பாங்க, அது கால் மணி நேரத்துல ஊறி நைஞ்சு போயிடும், சீலைக் குத்தவும் வராது. ஆன்லைன்ல அகலமான ஸ்டீல் ஸ்ட்ரா விக்கிது, ஒண்ணு வாங்கி பைக் டேங்க் கவர்ல போட்டு வச்சிருக்கேன், நண்பர்கள் சிரிக்கிறாங்க, சிரிச்சிட்டு அப்புறம் அதையே கடனா கேக்குறாங்க.

குடிக்கிறப்ப ஒரு வாய் டீ, ரெண்டு மூணு முத்து, மென்னு முழுங்கு. முத்தை மட்டும் மொதல்ல காலி பண்ணிட்டா மிச்சம் வெறும் ஆறுன டீ. சின்னப் பிள்ளைகளுக்கு, நாலஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிறதுகளுக்கு, முத்து குடுக்கவே குடுக்காதீங்க, வேகமா உறிஞ்சுனா நேரா தொண்டைல போய் அடைக்கும், அதுவும் தூக்கக் கலக்கத்துல இருக்கிற பிள்ளைன்னா சொல்லவே வேணாம். வயசானவங்களுக்கு ஸ்ட்ராவே வேணாம், சீலைக் கிழிச்சிட்டு ஸ்பூனைக் குடுத்துருங்க. பைக் ஓட்டிக்கிட்டே குடிக்கிறவனுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

எங்க ஆயாவை, அதாவது பாட்டியை, ஒரு தடவை கூட்டிட்டுப் போனோம், எண்பத்திரண்டு வயசு, ராத்திரில ஊர் சுத்தி எத்தனை வருஷமாச்சு, கார்ல முன்னாடி சீட்ல ஜம்முன்னு உக்காந்துக்கிட்டாக. கடைல தரை பூரா ஆத்தங்குடிக் கல்லு பதிச்சு, தொங்குற லைட்டு போட்டு வச்சிருந்தாங்க, "நம்ம வீட்டைப் பேத்து கொண்டாந்துட்டாகளா"ன்னு கேட்டாக. ஸ்பூன்ல ஒரு முத்தை எடுத்து மென்னு பாத்துட்டு, "இதென்னப்பா, பால் கொழுக்கட்டையை டீத்தண்ணில போட்டு வச்சிருக்காக, அதுவும் தேங்காப்பால் இல்லாம"ன்னாக. கடைக்காரத் தம்பிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. யோசிச்சுப் பாத்தா ஆயா சொன்னதுல தப்பே இல்ல, மாவு உருண்டை, பாலு, வெல்லப்பாகு, வித்தியாசம் அரிசி மாவுக்கும் மரவள்ளி மாவுக்கும்தான்.

கடை சிக்காத ராத்திரிக்கு, இல்ல கடையே இல்லாத ஊர்க்காரங்களுக்கு, வீட்ல செய்ற வழி. மரவள்ளி ஸ்டார்ச் நூறு கிராம், வெள்ளை வெளேர்னு கையில வச்சா நறநறன்னு இருக்கும், கிழங்கை அப்படியே காய வச்சு அரைச்ச மாவு வேற, அது வேலைக்கு ஆகாது. கருப்பட்டி அம்பது கிராம், தண்ணி அறுவது மில்லி. கருப்பட்டியைத் தண்ணில கரைச்சு மண்ணு போக வடிகட்டி மறுபடி அடுப்புல வச்சு நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க, கொதி முக்கியம், கொதிக்காத தண்ணில மாவு உருண்டைக்கு வராது, கையைப் போட்டா கட்டி மாதிரி இருக்கும் விட்டா தண்ணியா ஓடும், பேய் பிடிச்ச மாதிரி. கொதிக்கிறப்ப மூணுல ஒரு பங்கு மாவைப் போட்டுக் கிண்டுங்க, பசை மாதிரி ஆனதும் இறக்கி மீதி மாவைக் கொட்டி, கை பொறுக்கிற சூட்டுல பிசைஞ்சு, சீடைக்கு உருட்டுற மாதிரி உருட்டுங்க, சீடையை விட ஒரு சுத்து சின்னதா, வெந்தா பெருக்கும். ஒட்டாம இருக்க மேல கொஞ்சம் காஞ்ச மாவு தூவிக்கோங்க. ஆள் நாலு பேர் உக்காந்தா கதை பேசிக்கிட்டே முடிஞ்சிடும், தனியா உருட்டுனா வாழ்க்கையே வெறுத்துடும்.

நிறைய தண்ணிய கொதிக்க வச்சு உருண்டையைப் போட்டு, மேல மிதந்து வந்ததும் தீயைக் குறைச்சு இருபது நிமிஷம், அப்புறம் அணைச்சு மூடி வச்சு இன்னும் இருபது நிமிஷம். ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க, நடுவுல வெள்ளைப் புள்ளி இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம். வடிச்சு, பச்சைத் தண்ணில ஒரு அலசு அலசி, கெட்டியான கருப்பட்டிப் பாகுல போட்டுடுங்க. டீயை ஸ்ட்ராங்கா டிகாஷனா போட்டு ஆற வைங்க. சூடான பாலையும் கருப்பட்டிப் பாகையும் கலந்துறாதீங்க, திரிஞ்சாலும் திரியும், ரெண்டும் ஆறட்டும். ஹார்லிக்ஸ் பாட்டில்ல டீ, பாலு, ஐஸ் எல்லாம் போட்டு மூடியை இறுக்கி கை வலிக்கிற வரைக்கும் குலுக்குங்க, நுரை வரணும், அதுக்குத்தானே பேரு.

மிஞ்சின முத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, ஒரு மணி நேரத்துல கோலிக்குண்டு ஆயிடும். எங்க வீட்ல மிஞ்சினதை அன்னைக்கே ஆயா தேங்காப்பால் ஊத்தி முடிச்சிட்டாக, ராத்திரி பன்னெண்டரை மணிக்கு, கேட்டா "இப்பத்தான்டா இது சரியா இருக்கு"ன்னாக.